நிறுத்தம் இல்லாத இடத்தில்

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு அந்தப் போலீஸ்காரர் மூன்றாவது நாளாக அவளுடைய பேருந்தில் ஏறினார்.

சீட்டு வாங்கவில்லை. உட்காரவும் இல்லை. பின்னால் பத்துப் பன்னிரண்டு இருக்கைகள் காலியாகக் கிடக்க, ஓட்டுநர் கூண்டின் பிளாஸ்டிக் தடுப்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார். புதன்கிழமையும் இதே இடம், இதே முழங்கை. வியாழக்கிழமையும்.

"என்னம்மா, வண்டி நல்லா ஓடுதா?"

"ஓடுதுங்க சார்."

"நீயும் ஒழுங்கா ஓடணும். அதான் முக்கியம்."

தோள்பட்டையில் அவருடைய எண் பளபளத்தது: 228. அவள் பார்வையைச் சாலைக்குத் திருப்பினாள். கடிகாரம் மூன்று பதினொன்று காட்டியது. இன்னும் ஐம்பத்தொன்பது நிமிடங்கள். அதன்பின் எல்லாம் தானாக அழிந்துவிடும். அவள் எதையும் செய்ய வேண்டியதில்லை. அந்த நினைப்பு நிம்மதியைத் தந்திருக்க வேண்டும். தரவில்லை.

டெப்போவில் அவளுக்குப் பெயர் நாற்பத்தேழு. யாராக இருந்தாலும் வழித்தட எண்ணால் கூப்பிடுவது அங்கே வழக்கம். பன்னிரண்டாம் எண் ஓட்டுபவர் பன்னிரண்டு. மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வரும் நாட்களில் பன்னிரண்டரை. பதினோரு வருடம் ஒரே தடத்தில் ஓட்டியதில் அவள் கணவரே, "நாப்பத்தேழு, ஒரு சொம்பு தண்ணி கொண்டா" என்பார். "நிறுத்தம் வந்தாத்தான் நிப்பேன்" என்பாள். வீடே சிரிக்கும்.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை நாலு பத்துக்கு, மருந்துக்கடை சிக்னலில், வண்டி நெரிசலில் மாட்டி நின்றது. அப்போது நடைபாதையில் ஒருவர் ஓடி வந்தார். பார்சல் கொடுக்கிறவர். முதுகில் கம்பெனிப் பை, அவளுடைய அதே கறுத்த தோல். பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள். எங்கேயோ ஒரு பார்சல் காணாமல் போயிருந்தது. எடுத்தவன் கறுப்பு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கு அந்த அடையாளம் போதுமாக இருந்தது.

அவர் பேருந்தின் முன்கதவைக் கையால் அறைந்தார். "அக்கா, திறங்க! அக்கா!"

கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம். இந்தப் பக்கம் அவள் விரல், பொத்தான் மேல். நிறுத்தம் இல்லாத இடத்தில் கதவு திறக்கக் கூடாது. பயிற்சியின் முதல் நாளில் சொல்லிக் கொடுத்த விதி அது. விரல் அழுத்தவில்லை. நாலு விநாடி இருக்கும்.

228 ஓங்கிய தடி முதலில், பின்னால் வரும் வண்டிகளைக் காட்டும் பக்கக் கண்ணாடியில் பட்டு அதை நொறுக்கியது. அடுத்தது பார்சல்காரர் தாடையில். பிறகு எண்ணவில்லை. அவர் இரண்டு கைகளையும் விரித்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்ததை மட்டும் பார்த்தாள். மூன்றாவது இருக்கையில் தினமும் வரும் டீச்சர் எழுந்து செல்போனில் படம் பிடித்தார். இரண்டாவது போலீஸ்காரர் அடுத்த நிறுத்தத்தில் ஏறி அந்தப் போனை வாங்கிப் படத்தை அழித்து, துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். மரியாதைக்குக் குறைச்சலில்லை.

மறுநாள் செய்தி இரண்டே வரி. பார்சல்காரர் போலீஸ் தடியைப் பிடுங்கித் தாக்கினாராம். தாடைக்குக் கம்பி கட்டி, கட்டிலோடு விலங்கு மாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை கோர்ட்.

நடந்ததை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: முன்கதவுக்கு மேலே இருக்கும் கேமரா. அது பதிவதை எழுபத்திரண்டு மணி நேரம் பெட்டி வைத்திருக்கும். பிறகு மேலேயே புதிதாகப் பதிந்துகொள்ளும்.

புதன்கிழமை காலை பார்சல்காரரின் அக்கா டெப்போ வாசலில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவள், சீருடையோடு வந்திருந்தாள். வெளியே வந்த ஒவ்வொரு ஓட்டுநரிடமும் ஒரே கேள்வி: "செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு மருந்துக்கடைப் பக்கம் வண்டி ஓட்டினது யாருங்க?"

அவளிடமும் கேட்டாள்.

"நான் இல்லைம்மா" என்று சொல்லிவிட்டு நாற்பத்தேழு கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

சொல்ல முடியாததற்குக் காரணம் கண்ணாடி.

டெப்போ சுவரில் ஒரு பலகை தொங்கும். 'விபத்தோ சேதமோ இல்லாத நாட்கள்.' செவ்வாய்க்கிழமை அதில் 353. முந்நூற்று அறுபத்தைந்தைத் தொட்டால் எல்லோருக்கும் மூன்று நாள் கூடுதல் விடுமுறை. அதனால் அங்கே சின்னச் சின்ன உரசல்கள் எதுவும் காகிதத்துக்குப் போவதே இல்லை. மெக்கானிக்குகள் சத்தமில்லாமல் சரி செய்துவிடுவார்கள். அன்று மாலையும் அவள் பழக்க தோஷத்தில் அதைத்தான் செய்தாள். கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

கணவரின் தம்பி அதே டெப்போவில் மெக்கானிக். அவள்தான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். வேலை நிரந்தரமாக இன்னும் இருபத்திரண்டு நாள். ஓரம் கட்டிய பழைய வண்டியிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, ஸ்டோர் சீட்டு இல்லாமலே, அரைமணியில் மாட்டிவிட்டான்.

வியாழக்கிழமை அவள் மேலாளரிடம் பட்டும் படாமலும் விசாரித்தாள். எதைக் கேட்டாலும் முதலில் மணிக்கட்டைப் பார்ப்பவர். அவருக்குப் பெயர் கடிகாரம்.

"கேமராப் பதிவை நிறுத்தி வைக்கணும்னா என்ன சார் செய்யணும்?"

"ரெண்டே வழி. வண்டிக்கு சேதம்னு டிரைவர் சொன்னா அந்த நிமிஷமே கன்ட்ரோல்ல பூட்டு விழும். அப்புறம் அதை யாராலயும் தொட முடியாது, இன்சூரன்ஸ் கிளெய்ம் ஆபீசுக்குப் போயிடும். இல்லேன்னா போலீஸ் எழுதிக் கேக்கணும்."

"கேட்டாங்களா சார்?"

கடிகாரம் மணி பார்த்தார். "வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. ஏன், உனக்கென்ன?"

"சும்மாதான் சார்."

அன்று சாயங்காலம் வீட்டில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், கண்ணாடி உடைந்ததைச் சொல்லிவிடலாமா என்று கொழுந்தனிடம் கேட்டாள். அவன் கை தட்டிலேயே நின்றது.

"அண்ணி, சீட்டில்லாம சாமான் எடுத்தேன்னு தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. என் பொண்டாட்டிக்கு இது எட்டாம் மாசம். தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கறீங்க?"

அவள் கேட்டதை அங்கேயே விழுங்கிவிட்டாள். கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார்.

இப்போது மணி மூன்று முப்பத்தாறு. மருந்துக்கடை சிக்னலுக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் வண்டி முற்றிலும் நின்றது. முன்னால் லாரி, பின்னால் வேன், இருபுறமும் கார்கள். பின்னால் டீச்சர் தன் மூன்றாவது இருக்கையில் ஜன்னலோடு ஒண்டி உட்கார்ந்திருந்தார். புதன்கிழமையிலிருந்து அவர் போனைக் கைப்பையை விட்டு வெளியே எடுப்பதில்லை.

228 தடுப்பின் துளைகளுக்கு வாயைக் கொண்டுவந்தார்.

"திங்கட்கிழமை உனக்கு லீவு போட்டு வெச்சுக்கோ."

"எதுக்குங்க சார்?"

"கோர்ட்டுக்கு வரணும். அந்த ஆள் என் தடியைப் பிடுங்கினான்னு சொல்லணும். நாங்க சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. உங்க ஆளே சொன்னா எடுபடும்." அவர் சிரித்தார். "நீ உழைக்கிற ரகம். மத்தவங்க மாதிரி இல்ல. அது எனக்குத் தெரியும்."

மூன்று நாளாக அவர் கேட்டது வாயை மூடிக்கொள்வதை. இன்று வாயைத் திறக்கச் சொல்கிறார்.

"நான் ஒண்ணும் பாக்கலைங்க சார். ரோட்டைப் பாத்துட்டிருந்தேன்."

"அப்படியா?" அவர் விரல் மெதுவாக நீண்டு, பக்கக் கண்ணாடியைக் காட்டியது. "அது செவ்வாய்க்கிழமை உடைஞ்சுது. நான்தானே உடைச்சேன், எனக்குத் தெரியாதா? மறுநாள் பாத்தா முழுசா இருக்கு. உங்க டெப்போ பலகையில 356-னு ஜோரா எழுதியிருக்கு. மாத்தினது உன் கொழுந்தன்தானே? விசாரிச்சேன். நான் ஒரு வார்த்தை சொன்னா போதும். ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து பல்லாங்குழி ஆடலாம்."

வண்டி இம்மியும் நகரவில்லை. அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தாள்.

திங்கட்கிழமை இவர் சொல்வதைச் சொன்னால் அத்தோடு விடுவாரா? அடுத்த மாதம் இன்னொருவரை அடித்துவிட்டு வந்து, இதே இடத்தில் இதே முழங்கையை ஊன்றுவார். கண்ணாடி இருக்கிறவரை அவர் இருப்பார். இந்தக் கூண்டுக்குப் பூட்டு உள்பக்கம்தான். ஆனால் மூன்று நாளாக அடைபட்டுக் கிடப்பது அவள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிறாரே!

சட்டென்று கடிகாரத்தின் குரல் நினைவுக்கு வந்தது. சேதம்னு சொன்னா அந்த நிமிஷமே பூட்டு விழும்.

இந்த மனிதர் எந்த வார்த்தையைக் காட்டி அவளை மிரட்டுகிறாரோ, அதே வார்த்தைதான் அந்தப் பதிவைப் பூட்டும் சாவி. அது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கண்ணாடி என்று வாயெடுத்தே இருக்க மாட்டார்.

மணி மூன்று நாற்பத்தொன்று. கொழுந்தனின் முகமும் எட்டு மாத வயிறும் ஒரு கணம் கண்முன் வந்தன. கதவை அறைந்த ஒரு கையும் வந்தது.

அவள் வயர்லெஸ்ஸை எடுத்தாள்.

"கன்ட்ரோல், நாப்பத்தேழு."

கரகரவென்று பெண்குரல் வந்தது. பதினோரு வருடமாகத் திட்டு வாங்கும் குரல். முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. "நாப்பத்தேழு, எங்கம்மா இருக்கே? ஒன்பது நிமிஷம் லேட்டு. வண்டி ஓட்டறியா, தள்ளிட்டு வர்றியா?"

"நெரிசல்ல நிக்கறேன். சேதம் ஒண்ணு சொல்லணும்."

எதிர்முனையில் கிண்டல் உடனே நின்றது. "இப்பவா? யாருக்காவது அடியா?"

"இப்ப இல்ல. செவ்வாய்க்கிழமை நாலு பத்து, மருந்துக்கடை சிக்னல். முன்கதவுப் பக்கக் கண்ணாடி நொறுங்குச்சு. போலீஸ் தடி பட்டு. அன்னிக்கே சொல்லாம மறைச்சது நான். சீட்டில்லாம மாத்தச் சொன்னதும் நான்."

கூண்டுக்கு வெளியே முழங்கை விலகியது.

"ஏய்! என்ன பேசறே நீ? வை அதை!"

"யாரும்மா அது கத்தறது?" என்றது கன்ட்ரோல்.

"போலீஸ்காரர் ஒருத்தர். நம்பர் 228. கண்ணாடியை உடைச்சவரும் இவர்தான்."

எதிர்முனையில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல் நிதானமாகச் சொன்னது: "செவ்வாய் நாலு பத்து, முன்கதவு கேமரா. பூட்டியாச்சு. மணி மூணு நாப்பத்து மூணு. ஆனா நாப்பத்தேழு, கேட்டுக்கோ. இது தற்காலிகப் பூட்டு. அஞ்சு மணிக்குள்ள படிவமும் உடைஞ்ச சாமானும் மேலாளர் மேசைக்கு வரணும். வரலேன்னா பூட்டு தானா கழண்டுடும். நாலு பத்து எப்பவோ தாண்டியிருக்கும், பதிவும் போயிடும்."

228 தடுப்பை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார். பிளாஸ்டிக் அதிர்ந்தது. அவள் தலையைத் திருப்பாமல் முன்கதவுக்கு மேலே கையைக் காட்டினாள்.

"இப்ப நடக்கறதும் அதே பெட்டிக்குத்தான் போகுது சார்."

அறைந்த கை கீழே இறங்கியது. அவர் முகத்தில் அவள் இதுவரை பார்க்காத ஒன்று தெரிந்தது. அவசரம்.

"கதவைத் திற. இறங்கணும்."

"இது நிறுத்தம் இல்லைங்க சார்."

"திறன்னு சொல்றேன்!"

"திறக்கக் கூடாதுங்க சார். ரூல்."

அதைச் சொன்னபோது அவளுக்கு வெற்றியாக எதுவும் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை சொல்லாமல் சொன்ன அதே பதில்தான் அது.

செவ்வாய்க்கிழமையும் இதே வண்டியில் வந்திருந்த ஒரு முதியவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அடுத்த ஸ்டாப்பு பக்கம்தான் சார். ஒரு சீட்டு வாங்கிட்டு உக்காருங்களேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னே டீச்சர் எழுந்து முன்னால் வந்தார்.

"அம்மா, படிவத்துல சாட்சிக்கு இடம் இருக்குமா?"

"நாலு கட்டம் இருக்கு டீச்சர்."

"ஒண்ணுல என் பேரைப் போடு. போன்ல இருந்ததைத்தான் அழிச்சாங்க." 228-ஐ ஒரு முறை பார்த்துவிட்டு, பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "கண்ணால பாத்தது அப்படியே இருக்கு."

அடுத்த நிறுத்தத்திலேயே 228 இறங்கிப் போனார். டெப்போவுக்குள் நுழைந்தபோது மணி நாலு இருபத்தெட்டு. செய்தி அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. கடிகாரம் நாற்காலி மேல் ஏறி, பலகையிலிருந்து 3, 5, 6 எண்களைக் கழற்றி ஒரு பூஜ்யத்தை மாட்டிக்கொண்டிருந்தார். ஓய்வறை வாசலில் நின்றவர்கள் வழி விட்டார்கள், முகம் கொடுக்கவில்லை.

"ஒன்பது நாள்" என்றார் பன்னிரண்டு. "ஒன்பதே ஒன்பது நாள். என் மச்சினன் கல்யாணத்துக்கு மூணு நாளும் போறதா இருந்தேன்."

அவள் நிற்கவில்லை. பட்டறைக்கு ஓடினாள். கொழுந்தன் ஒரு வண்டிக்கு அடியில், குழிக்குள் இருந்தான். அவள் நிழல் விழுந்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலை இல்ல அண்ணி?"

"நேத்து கேட்டேன். நீ மாட்டேன்னே."

"மாட்டேன்னா மாட்டேன்னுதானே அர்த்தம்? ஊருக்கெல்லாம் வயர்லெஸ்ல சொல்லிட்டு இப்ப எதுக்கு வந்தீங்க?"

"உடைஞ்ச கண்ணாடி வேணும்டா. அது இல்லேன்னா பூட்டு கழண்டுடும்."

"தூக்கிப் போட்டாச்சு."

தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சுற்றியது. வேலையைப் பலி கொடுத்தாயிற்று. குடும்பத்தையும் இழுத்து விட்டாயிற்று. ஒரு பிடி உடைந்த கண்ணாடி இல்லாமல் எல்லாம் வீண். குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னைத்தான் நீ திட்டணும், திட்டு" என்றாள். "அந்தாள் என்னை அக்கான்னு கூப்பிட்டாருடா. கதவுக்கு இந்தப் பக்கம் நான் உக்காந்திருந்தேன்."

கொழுந்தன் வெகுநேரம் கைகளைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். பிறகு குழியை விட்டு ஏறி, தன் இரும்பு அலமாரியைத் திறந்து, கீழ்த்தட்டிலிருந்து ஒரு சாக்கை இழுத்துப் போட்டான். உள்ளே கண்ணாடிச் சில்லுகள் கலகலத்தன.

"ஒரு சாமானைக் கழட்டினா பழசை எடுத்து வைக்கிறது கைப்பழக்கம். வேற ஒண்ணும் இல்ல" என்றான் எங்கேயோ பார்த்துக்கொண்டு. "கண்ணாடியோட உறையில கறுப்புப் பெயின்ட் ஒட்டியிருக்கு. தடியோடது. துடைச்சுடாதீங்க."

"டேய்..."

"வேலை போச்சுன்னா நீங்கதான் எனக்குச் சோறு போடணும்."

"இப்ப மட்டும் யாருடா போடறா?"

அவன் சிரிக்கவில்லை. ஆனால் சாக்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான்.

கடிகாரம் படிவத்தை வரி வரியாகப் படித்தார். சாட்சிக் கட்டத்தில் டீச்சரும் அந்த முதியவரும். கண்ணாடியை மாற்றியவர் யார் என்று கேட்ட இடத்தில் கொழுந்தனே கையெழுத்துப் போட்டிருந்தான். 'எதிர்த்தரப்பு' என்ற கட்டத்தில் அவர் விரல் நின்றது. அவள் இரண்டு பேரை எழுதியிருந்தாள். முதலாவது, போலீஸ் எண் 228. இரண்டாவது, பார்சல்காரர், கதவில் கைபட்டவர்.

"ரெண்டாவது ஆளை எதுக்கும்மா எழுதினே? எதிர்த்தரப்புன்னு எழுதினா அவங்க வீட்டுக்கு இந்தப் படிவம், பதிவோட நகல் எல்லாம் நாங்களே அனுப்பணும். விதி."

"தெரியும் சார். அதான் எழுதினேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பழக்கம் போல மணிக்கட்டையும் பார்த்தார். நாலு ஐம்பத்திரண்டு. முத்திரையை மையில் ஒற்றி அழுத்தினார். "திங்கட்கிழமை காலையிலயே ஆள் வெச்சுக் குடுத்து அனுப்பறேன். நீங்க ரெண்டு பேரும் விசாரணை முடியுற வரைக்கும் உள்ளே வரக் கூடாது. சாவியை வெச்சுட்டுப் போ."

சாவியை வைத்தாள். கை வெறுமையாக இருந்தது.

புதன்கிழமை டெப்போ வாசலில் நின்று கேட்ட அந்தப் பெண் இன்று அங்கே இல்லை. நாற்பத்தேழு சாலையோடு நடந்தாள். எதிர்ச் சாரியில் ஒரு போலீஸ் வண்டி அவள் வேகத்துக்கே மெதுவாக ஊர்ந்து வந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. மாவு மில்லைத் தாண்டியபோது பார்சல்காரரின் அக்கா தெரிந்தாள். வேலை முடிந்து, அதே சீருடையில், போகும் பேருந்துகளை ஒவ்வொன்றாகக் கை காட்டி நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் நிற்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை ஓட்டினது நான்தான்" என்றாள் நாற்பத்தேழு. "உங்ககிட்ட பொய் சொன்னேன்."

பதிவைப் பற்றி, பூட்டைப் பற்றி, நகலைப் பற்றி எல்லாம் சொல்லி முடித்தாள். அந்தப் பெண் நன்றி சொல்லவில்லை.

"என் தம்பி தட்டினானா கதவை?"

"தட்டினாரு."

"ஏன் திறக்கல?"

நாற்பத்தேழு, அன்று பொத்தான் மேல் வைத்திருந்த தன் விரலைப் பார்த்தாள்.

"திங்கட்கிழமை கோர்ட்டுல அதையும் சொல்லுவியா?"

"சொல்றேன்."

எதிர்ச் சாரியில் போலீஸ் வண்டி விளக்கைப் போட்டு அணைத்தது. அந்த வேளையில் பின்னால் பிரேக் கிறீச்சிட்டது. ஒரு நாற்பத்தேழாம் எண் பேருந்து. ஓட்டுநர் இருக்கையில் பன்னிரண்டு. அவள் தடத்துக்கு அவரை மாற்றி விட்டிருந்தார்கள். பின்னால் வந்த கார்கள் ஹாரனை அலற விட்டன. அவர் சட்டை செய்யவில்லை.

முன்கதவு புஸ்ஸென்று திறந்தது.

"இங்க நிறுத்தம் இல்லியே" என்றாள் அவள்.

"மூணு நாள் லீவே போச்சு. ரூல் போனா என்ன?" என்றார் பன்னிரண்டு எரிச்சலாக. "பாத்துட்டே நிக்காம ஏறுங்க, ரெண்டு பேரும்."